நிரலக ஏற்றத்தால் நேரும் கணிப்பு வழுக்கள்

நிரலக ஏற்றத்தால் நேரும் கணிப்பு வழு என்பது, ஒரு கணினி நிரல் பல பகிர்நிரலகங்களை ஒன்றாக ஏற்றும்பொழுது, அவற்றுள் ஒன்று மற்றொன்றின் எண்கணிப்பு முடிவுகளை மாற்றிவிடுவதால் தோன்றும் பிழை ஆகும். கணிப்பைச் செய்யும் நிரல்வரிகளில் தவறு எதுவும் இருக்காது. அதே வரிகள் தனியாக இயங்கும்பொழுது சரியான விடையைத் தரும். தொடர்பில்லாத வேறொரு நிரலகம் உடன் ஏற்றப்பட்டதும் பிழையான விடையைத் தரும். பெரும்பாலும் இவ்வழு ஓர் இயங்குதளத்தில் மட்டும், அல்லது ஒருவகைச் செயலியில் மட்டும் தென்படும்.

இவ்வழுக்களில் பல நிரலை நிறுத்துவதில்லை, பிழைச்செய்தியும் தருவதில்லை. தவறான எண் சரியான எண்ணைப் போலவே வெளியாகிறது. அதனால் அறிவியல் கணிப்பு, பொறியியல் வடிவமைப்பு, புள்ளியியல் போன்ற துறைகளில் இவை நீண்டகாலம் கவனிக்கப்படாமல் போகக்கூடும்.

பின்புலம்

இன்றைய கணினிகளில் பெரும்பாலானவை பின்னப்பகுதியுள்ள எண்களை ஐஇஇஇ 754 என்னும் சீர்தரத்தின்படி மிதவைப் புள்ளி எண்களாகக் கையாள்கின்றன. இச்சீர்தரம் 1985ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு, 2008, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய வில்லியம் கஹானுக்கு 1989ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது. இச்சீர்தரத்தில் பெரிதும் பயன்படும் வடிவங்கள் இரண்டு. 32 பிட் நீளமுள்ள ஒற்றைத் துல்லிய எண்ணில் 24 பிட் அளவுக்குத் துல்லியம் உண்டு. 64 பிட் நீளமுள்ள இரட்டைத் துல்லிய எண்ணில் 53 பிட் அளவுக்குத் துல்லியம் உண்டு.

இரண்டு எண்களைக் கூட்டினால் கிடைக்கும் விடை அவ்விரண்டு எண்களை மட்டுமே பொறுத்தது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் விடை வேறு சில அமைவுகளையும் பொறுத்தது. முழுமைப்படுத்தல் எத்திசையில் நடக்கவேண்டும், எத்தனை பிட் துல்லியம் வேண்டும், மிகச்சிறிய எண்களைச் சுழியமாகக் கொள்ளலாமா, சுழியத்தால் வகுத்தல் போன்ற நிலைகளில் நிரலை நிறுத்தவேண்டுமா என்பன அவ்வமைவுகள். இவற்றின் தொகுதி மிதவைப் புள்ளிச் சூழல் எனப்படும். சி நிரல்மொழியின் 1999ஆம் ஆண்டுச் சீர்தரம் இச்சூழலைப் படிக்கவும் மாற்றவும் செயற்கூறுகளை வரையறுத்தது.

இச்சூழல் செயலியின் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் இருக்கிறது. இன்டெல் 1980இல் வெளியிட்ட 8087 துணைச்செயலியிலிருந்து தொடங்கும் எக்ஸ்87 பிரிவில் இது 16 பிட் நீளமுள்ள கட்டுப்பாட்டுச் சொல் ஆகும். 1999இல் பென்டியம் 3 செயலியுடன் வந்த எஸ்எஸ்இ பிரிவில் எம்எக்ஸ்சிஎஸ்ஆர் என்னும் 32 பிட் பதிவகம் இப்பணியைச் செய்கிறது. 64 பிட் ஆர்ம் செயலிகளில் எஃப்பிசிஆர் என்னும் பதிவகம் உள்ளது.

ஒரு நிரலின் ஒவ்வோர் இழைக்கும் இப்பதிவகத்தின் மதிப்பை இயங்குதளம் தனித்தனியே பேணுகிறது. ஆனால் ஓர் இழையில் இயங்கும் நிரலகங்கள் அனைத்துக்கும் அது பொதுவானது. ஒரு செயற்கூறு இப்பதிவகத்தின் கட்டுப்பாட்டுப் பிட்களை மாற்றினால், திரும்பும் முன் பழைய மதிப்பை மீட்டுவைக்க வேண்டும் என்பது பொதுவான நெறி. எனினும் இந்நெறியைச் செயலியோ இயங்குதளமோ வலியுறுத்துவதில்லை. ஒரு நிரலகம் இதை மீறினால் அதன் பின் நடக்கும் எல்லாக் கணிப்புகளும் மாறுபட்ட சூழலில் நடக்கும்.

வழு தோன்றும் விதங்கள்

துல்லிய அளவு குறைதல்

எக்ஸ்87 கட்டுப்பாட்டுச் சொல்லில் இரண்டு பிட்கள் கணிப்பின் துல்லியத்தை 24, 53 அல்லது 64 பிட் என வரையறுக்கின்றன. 32 பிட் லினக்சில் ஒரு நிரல் 64 பிட் துல்லியத்துடன் தொடங்கும். மைக்ரோசாஃப்ட் சி தொகுப்பியால் உருவான 32 பிட் விண்டோசு நிரல்கள் 53 பிட் துல்லியத்துடன் தொடங்கும். எனவே ஒரே நிரல் இவ்விரண்டிலும் கடைசி இலக்கங்களில் வேறுபட்ட விடைகளைத் தருவதுண்டு.

மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி வரைகலை நிரலகம் 9ஆம் பதிப்பு வரை, தன்னைத் தொடங்கும் இழையின் துல்லியத்தை 24 பிட்டாகக் குறைத்து, அப்படியே விட்டுவிடும். இதைத் தவிர்க்க, சூழலைப் பேணுமாறு கோரும் ஒரு கொடியை நிரலர் தாமே குறிப்பிடவேண்டும். அக்கொடி இல்லையெனில், இரட்டைத் துல்லியம் என்று அறிவிக்கப்பட்ட மாறிகளும் எக்ஸ்87இல் ஒற்றைத் துல்லியத்துடனே கணிக்கப்படும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 24 பிட் துல்லியத்தில் 16777216 உடன் 1 கூட்டினால் விடை மீண்டும் 16777216 ஆகும். 16777217 என்னும் எண்ணைக் குறிக்க 25 பிட்கள் தேவை. ஒரு விளையாட்டு நிரல் கடந்த நேரத்தை மில்லிநொடிகளில் ஒன்றொன்றாகக் கூட்டிவந்தால், ஏறத்தாழ 4 மணி 39 நிமிடங்களுக்குப் பின் அக்கடிகாரம் நகராது நின்றுவிடும். சிறிது நேரம் மட்டும் சோதிப்பவருக்கு இவ்வழு தென்படாது.

லுவா நிரல்மொழியும் இதனால் பாதிக்கப்பட்டது. அதன் 5.1ஆம் பதிப்பு 32 பிட் செயலிகளில் ஒரு மிதவை எண்ணை முழுவெண்ணாக மாற்ற, 6755399441055744 என்னும் எண்ணைக் கூட்டிக் கடைசி பிட்களை எடுக்கும் உத்தியைப் பயன்படுத்தியது. துல்லியம் 24 பிட்டாகக் குறைந்தால் இவ்வுத்தி தவறான முழுவெண்களைத் தரும்.

விதிவிலக்குகள் வெளிப்படுதல்

சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால், சி மொழி நிரல்களில் வழக்கமாக எண்ணல்ல என்னும் சிறப்பு மதிப்பு கிடைக்கும். நிரல் தொடர்ந்து இயங்கும். டெல்ஃபி தொகுப்பியால் உருவான 32 பிட் நிரல்களோ செல்லாச் செயல், சுழியத்தால் வகுத்தல், மிகைவழிவு ஆகிய மூன்று நிலைகளிலும் விதிவிலக்கு எழும்படி கட்டுப்பாட்டுச் சொல்லை அமைக்கின்றன. இத்தகைய நிரலுக்குள் சி மொழியில் எழுதிய நிரலகம் ஏற்றப்படும்பொழுது, அந்நிரலகம் இயல்பாகக் கருதும் வகுத்தல் ஒன்று முழு நிரலையும் நிறுத்திவிடக்கூடும். குற்றம் சி நிரலகத்தின் மீது சாட்டப்படும். காரணமோ அதை ஏற்றிய நிரலின் சூழல் ஆகும்.

மிகச்சிறிய எண்கள் சுழியமாதல்

இரட்டைத் துல்லியத்தின் மிகச்சிறிய இயல்பெண் ஏறத்தாழ 2.2×10⁻³⁰⁸ ஆகும். அதற்கும் கீழே, துல்லியம் படிப்படியாகக் குறைந்துகொண்டே ஏறத்தாழ 4.9×10⁻³²⁴ வரை செல்லும் எண்களும் உள்ளன. இவற்றை இயல்குறை எண்கள் எனலாம். இவை இருப்பதால், x, y என்னும் இரண்டு எண்கள் சமமில்லையெனில் x−y சுழியமாகாது என்னும் பண்பு காக்கப்படுகிறது. சில செயலிகளில் இவற்றைக் கணிக்கப் பல மடங்கு கூடுதல் நேரம் ஆகும். எனவே ஒலிச்செயலாக்கம் போன்ற பணிகளில் வேகத்திற்காக இவற்றைச் சுழியமாகக் கொள்ளும் வசதி எம்எக்ஸ்சிஎஸ்ஆர் பதிவகத்தில் இரண்டு பிட்களாக அமைந்துள்ளது.

ஜிசிசி தொகுப்பியில் ஃபாஸ்ட்-மேத் என்னும் தெரிவைக் கொடுத்து இணைத்தால், இவ்விரு பிட்களையும் இயக்கும் ஒரு சிறு தொடக்க நிரற்கூறும் சேர்க்கப்படும். தனி நிரலுக்கு இது பொருந்தலாம். ஆனால் பகிர்நிரலகங்களிலும் அக்கூறு சேர்க்கப்பட்டு வந்தது. அத்தகைய நிரலகத்தை ஏற்றியதும், அதன் எந்தச் செயற்கூறையும் அழைக்காமலே, ஏற்றிய இழையின் சூழல் மாறிவிடும். இது 2012இல் ஜிசிசி திட்டத்தில் வழுவாகப் பதியப்பட்டது. 2023இல் வெளியான 13ஆம் பதிப்பிலிருந்து, பகிர்நிரலகங்களை உருவாக்கும்பொழுது இக்கூறு சேர்க்கப்படுவதில்லை. அதற்கு முந்தைய பதிப்புகளால் உருவான நிரலகங்கள் தொடர்ந்து இவ்விளைவைத் தரும்.

2022இல் இது பைத்தான் பயனர்களிடையே பரவலாக அறியப்பட்டது. ஜிவென்ட் என்னும் வலையமைப்பு நிரலகம், ஃபாஸ்ட்-மேத்தை உள்ளடக்கிய ஓஃபாஸ்ட் என்னும் தெரிவுடன் தொகுக்கப்பட்டிருந்தது. எண்கணிப்புக்கும் அந்நிரலகத்துக்கும் தொடர்பில்லை. எனினும் அதை ஏற்றியவுடன், நம்பை நிரலகம் மிகச்சிறிய இயல்குறை எண் சுழியமாக உள்ளது என்று எச்சரிக்கத் தொடங்கியது.

இவ்வெச்சரிக்கை அற்பமானதன்று. x = 3×10⁻³⁰⁸, y = 2.5×10⁻³⁰⁸ எனக் கொள்வோம். இரண்டும் இயல்பெண்களே, ஆனால் அவற்றின் வேறுபாடு இயல்குறை எண் ஆகும். சுழியமாக்கல் இயக்கப்பட்டிருந்தால் x−y சுழியமாகும். x, y சமமில்லை என்று சோதித்த பின் x−y ஆல் வகுக்கும் நிரல், சோதனையைத் தாண்டியும் சுழியத்தால் வகுக்கும்.

பெயர் மோதல்

சூழல் மாறாமலும் தவறான நிரற்கூறு அழைக்கப்படக்கூடும். நேரியல் இயற்கணிதத்திற்கான பிளாஸ் இடைமுகம் 1979இல் வெளியிடப்பட்டது. ஓப்பன்பிளாஸ், இன்டெல் எம்கேஎல், ஆப்பிளின் ஆக்செலரேட் எனப் பல நிரலகங்கள் அதே பெயர்களைக் கொண்ட செயற்கூறுகளைத் தருகின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளமைப்பு ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

முதல் வேறுபாடு முழுவெண்ணின் நீளம். சில நிரலகங்கள் அணியின் வரிசை எண்ணிக்கையை 32 பிட்டாகவும், சில 64 பிட்டாகவும் எதிர்பார்க்கின்றன. ஃபோர்ட்ரான் மரபில் இவ்வெண்ணின் நினைவக முகவரியே அனுப்பப்படும். 32 பிட் எண்ணின் முகவரியை 64 பிட் நிரலகத்திடம் கொடுத்தால், அது பக்கத்திலுள்ள 32 பிட்களையும் சேர்த்துப் படிக்கும். அவ்விடத்தில் தற்செயலாகச் சுழியம் இருந்தால் விடை சரியாக வரும். இல்லையெனில் அணியின் அளவு பொருளற்ற பேரெண்ணாகும். இக்காரணத்தால் ஜூலியா நிரல்மொழி தன்னுடன் வரும் 64 பிட் ஓப்பன்பிளாசின் செயற்கூறுப் பெயர்களின் இறுதியில் 64 என்னும் ஒட்டைச் சேர்க்கிறது.

இரண்டாவது வேறுபாடு விடையைத் திருப்பும் முறை. ஆக்செலரேட் நிரலகத்தின் பழைய இடைமுகம், ஒற்றைத் துல்லிய விடை தரும் செயற்கூறுகளிலும் இரட்டைத் துல்லிய எண்ணையே திருப்பும் பழைய மரபைப் பின்பற்றியது. ஜிஃபோர்ட்ரான் ஒற்றைத் துல்லிய எண்ணை எதிர்பார்க்கும். 32 பிட் இன்டெல் செயலிகளில் இரண்டும் எக்ஸ்87 பதிவகத்தின் வழியே திரும்புவதால் வேறுபாடு தெரியாது. 64 பிட்டில் இரட்டைத் துல்லிய எண்ணின் கீழ்ப்பாதி மட்டும் படிக்கப்படும். 1.0 என்னும் எண்ணின் கீழ்ப்பாதி முழுதும் சுழியம் ஆதலால், 1 என்னும் விடை 0 எனத் தோன்றும்.

இரட்டிப்பாகும் இயக்கநேர நிரலகம்

ஓப்பன்எம்பி வழியாகப் பல இழைகளில் கணிக்கும் நிரலகங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இயக்கநேர நிரலகத்தைக் கொண்டுவருவதுண்டு. இன்டெல்லின் இயக்கநேர நிரலகம் தன்னுடைய இரண்டாவது படி ஏற்றப்பட்டதைக் கண்டால், 15 என்னும் எண்ணுள்ள பிழைச்செய்தியைத் தந்து நிரலை நிறுத்தும். இச்சோதனையைப் புறக்கணிக்கச் செய்யும் சூழல்மாறி ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்தினால் நிரல் செயலிழக்கலாம் அல்லது ஓசையின்றித் தவறான விடைகளைத் தரலாம் என்று அப்பிழைச்செய்தியே எச்சரிக்கிறது. எனவே அம்மாறியை நிலையான தீர்வாகக் கொள்ளக்கூடாது.

வட்டார அமைவு மாறுதல்

செருமனி, பிரான்சு போன்ற நாடுகளில் பதின்மப் புள்ளிக்கு மாற்றாகக் காற்புள்ளி எழுதப்படுகிறது. லொக்கேல் எனப்படும் வட்டார அமைவு ஒரு நிரல் முழுமைக்கும் பொதுவானது. யுனிக்சு வகை இயங்குதளங்களில் கியூட்டி வரைகலை நிரலகம் தொடங்கும்பொழுது பயனரின் வட்டார அமைவை நிரலுக்கு ஏற்கிறது. அதன்பின் கோப்பிலுள்ள 3.14 என்னும் எண்ணைச் சி நிரலகத்தின் செயற்கூறு கொண்டு படித்தால், செருமானிய அமைவில் 3 மட்டுமே கிடைக்கும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பதின்மப் புள்ளியே வழங்குவதால், அங்குள்ள நிரலர் தம் கணினியில் இவ்வழுவைக் காணமாட்டார். அவருடைய நிரலைச் செருமனியில் நிறுவியவர் காண்பார்.

இயங்குதளத்திற்கு இயங்குதளம் வேறுபடக் காரணம்

ஒரே நிரலகத் தொகுதி ஓர் இயங்குதளத்தில் பிழையும் மற்றொன்றில் சரியான விடையும் தருவதற்கு, செயலியும் தொடக்க மதிப்புகளும் மட்டுமின்றி, பெயர்களைப் பிணைக்கும் முறையும் காரணமாகும்.

லினக்சில் பகிர்நிரலகம் ஒரு செயற்கூறைப் பெயரால் மட்டுமே கேட்கிறது. தேடல் வரிசையில் முதலில் அப்பெயரைத் தரும் நிரலகம் அனைவருக்கும் அதை வழங்கும். எனவே ஏற்றும் வரிசை மாறினால் விடையும் மாறலாம்.

மாக் இயங்குதளம் 2001இல் வந்த 10.1 பதிப்பு முதல் இரண்டடுக்குப் பெயர்வெளியைப் பயன்படுத்துகிறது. நிரலகத்தின் பெயரும் செயற்கூறின் பெயரும் சேர்த்தே பதியப்படுவதால் மோதல் குறைவு.

விண்டோசிலும் டிஎல்எல் கோப்பின் பெயரோடு சேர்த்தே செயற்கூறு கேட்கப்படும். ஆனால் அதே கோப்புப்பெயருடைய வேறொரு டிஎல்எல் முன்பே ஏற்றப்பட்டிருந்தால், பொதுவாக அதுவே பயன்படுத்தப்படும். அதனால் இங்கே செயற்கூறுப் பெயர்களைவிடக் கோப்புப்பெயர்களே மோதுகின்றன.

இழைகளும் குழப்பத்தைக் கூட்டும். லினக்சில் புதிய இழை தன்னை உருவாக்கிய இழையின் சூழலைப் பெறும். நிரலகம் ஏற்றப்படும் முன் உருவான இழை பழைய சூழலிலேயே தொடரும். ஆகவே ஒரே கணிப்பு ஓர் இழையில் சரியாகவும் மற்றோர் இழையில் பிழையாகவும் அமையக்கூடும்.

வழுவைக் கண்டறிதல்

சூத்திரத்தை மீண்டும் மீண்டும் சரிபார்ப்பது இங்குப் பயன்தராது. கணிப்பு நடக்கும் சூழலை ஆராயவேண்டும். கீழ்க்காணும் வரிசை பொதுவாகப் பயனளிக்கும்.

1. பிழையைத் தரும் கணிப்பை ஒரே கோவையாகச் சுருக்கவேண்டும். உள்ளீடுகளையும் விடையையும் பதினறும எண்களாக அச்சிடவேண்டும். பதின்ம வடிவில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு எண்கள் பிட் அளவில் வேறுபட்டிருக்கலாம்.

2. நிரலின் தொடக்கத்திலும், ஒவ்வொரு நிரலகம் ஏற்றப்பட்ட பின்னும், கணிப்புக்குச் சற்று முன்னும் கட்டுப்பாட்டுப் பதிவகத்தின் மதிப்பைப் பதிவுசெய்யவேண்டும். எம்எக்ஸ்சிஎஸ்ஆரின் வழக்கமான தொடக்க மதிப்பு பதினறுமத்தில் 1எஃப்80 ஆகும். அதன் 15ஆம், 6ஆம் பிட்கள் 1 ஆக இருந்தால் இயல்குறை எண்கள் சுழியமாக்கப்படுகின்றன. கீழுள்ள ஆறு பிட்கள் கணிப்புகளின்போது தாமே மாறும் நிலைக்குறிகள் ஆதலால் அவற்றைப் பொருட்படுத்தவேண்டியதில்லை.

3. பதிவகத்தைப் படிக்க இயலாத மொழிகளில் சிறு கணிப்புகளால் சோதிக்கலாம். மிகச்சிறிய இயல்பெண்ணை 2ஆல் வகுத்துச் சுழியம் வந்தால் சுழியமாக்கல் இயங்குகிறது. 16777216 உடன் 1 கூட்டி மதிப்பு மாறாவிட்டால் துல்லியம் குறைந்துள்ளது. இச்சோதனைகள் நிரல் இயங்கும்பொழுதே கணிக்கப்படவேண்டும். மாறிலிகளாக எழுதினால் தொகுப்பியே முன்கூட்டிக் கணித்துச் சரியான விடையை இட்டுவிடும்.

4. நிரலகங்களில் பாதியை நீக்கிச் சோதித்து, பிழை எப்பாதியில் உள்ளதோ அதை மீண்டும் பாதியாக்கவேண்டும். காரணம் ஒரே நிரலகம் எனில், 64 நிரலகங்கள் இருந்தாலும் 6 சோதனைகளில் அதை அடையலாம்.

5. ஏற்றும் வரிசையை மாற்றிப் பார்க்கவேண்டும். வரிசை மாறினால் விடை மாறுமாயின் பெயர் மோதலை ஐயுறலாம். லினக்சில் எல்டி_டீபக் என்னும் சூழல்மாறியைக் கொண்டு ஒவ்வொரு பெயரும் எந்நிரலகத்துடன் பிணைந்தது என்று அறியலாம்.

6. ஐயத்திற்குரிய நிரலகத்தின் பொறிமொழியில், கட்டுப்பாட்டுப் பதிவகத்தை மாற்றும் எல்டிஎம்எக்ஸ்சிஎஸ்ஆர், எஃப்எல்டிசிடபிள்யூ ஆகிய கட்டளைகளைத் தேடலாம்.

7. இறுதியாக, கணிப்புக்கு முன் சூழலை இயல்பான மதிப்புக்கு மீட்டுப் பார்க்கவேண்டும். விடை சரியானால் காரணம் உறுதியாகும்.

ஆராயும் கருவியே விடையை மாற்றக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். வால்கிரைண்டு எக்ஸ்87இன் 80 பிட் கணிப்புகளை 64 பிட்டிலேயே செய்கிறது. எக்ஸ்87 நிரல்களில் இடையே ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்தாலே, பதிவகத்திலிருந்த எண் நினைவகத்திற்குச் சென்று முழுமைப்படுத்தப்பட்டு விடை மாறலாம்.

ஒத்த தோற்றமுடைய பிற வேறுபாடுகள்

இயங்குதளங்களுக்கிடையே காணும் எல்லா வேறுபாடுகளும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே முறை முழுமைப்படுத்திச் செய்யும் கட்டளை சில செயலிகளில் மட்டும் உண்டு. சைன், அடுக்குக்குறிச் சார்பு போன்றவற்றின் கடைசி பிட் நிரலகத்திற்கு நிரலகம் வேறுபடலாம். பல இழைகளில் கூட்டும்பொழுது கூட்டும் வரிசை மாறுவதாலும் விடை சற்று மாறும். இவை வழுக்கள் அல்ல. மிதவைப் புள்ளிக் கணிப்பின் இயல்புகள். ஐயத்திற்குரிய நிரலகத்தை ஏற்றாதபொழுதும் வேறுபாடு நீடித்தால், காரணத்தை இவற்றுள் தேடவேண்டும்.

தடுக்கும் வழிகள்

நிரலகம் எழுதுவோர் சூழலை மாற்றவேண்டியிருந்தால் பழைய மதிப்பைச் சேமித்து, திரும்பும் முன் மீட்கவேண்டும். பகிர்நிரலகத்தை இணைக்கும் கட்டத்தில் ஃபாஸ்ட்-மேத் தெரிவைத் தவிர்க்கவேண்டும். வெளியாருக்குத் தேவையற்ற பெயர்களை மறைத்துவைப்பதும், தேவையான பெயர்களுக்குத் தனி ஒட்டுச் சேர்ப்பதும் மோதலைத் தவிர்க்கும்.

நிரலகங்களைப் பயன்படுத்துவோர், அயல் நிரலகங்களை ஏற்றிய பின் சூழலைச் சோதிக்கும் சிறு பகுதியொன்றைத் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளலாம். செருகுநிரல்களை ஏற்கும் மென்பொருள்களுக்கு இது மிகவும் தேவை. பொருந்தாத இரண்டு நிரலகங்களை ஒன்றாகப் பயன்படுத்தியே தீரவேண்டுமாயின், அவற்றைத் தனித்தனிச் செயல்முறைகளாக இயக்கித் தரவுகளை மட்டும் பரிமாறிக்கொள்வது பாதுகாப்பானது.

64 பிட் செயலிகளில் இயல்பான கணிப்புகள் எஸ்எஸ்இ பிரிவில் நடப்பதால், துல்லிய அளவு குறைதல் என்னும் வழு பெரிதும் மறைந்துவிட்டது. சுழியமாக்கல், பெயர் மோதல், இரட்டிப்பாகும் இயக்கநேர நிரலகம், வட்டார அமைவு ஆகியவற்றால் நேரும் வழுக்கள் தொடர்ந்து நிகழ்கின்றன. ஒரு பைத்தான் நிரலே பலருடைய நிரலகங்களை ஒன்றாக ஏற்றுவது வழக்கமாகிவிட்டதால், தனித்தனியே சோதிக்கப்பட்ட நிரலகங்களைச் சேர்த்து ஏற்றிய நிலையிலும் சோதிப்பது தேவையாகிறது.